ஜெலி ஷொட் எதில் செய்வது: ஜெலட்டினா, கடற்பாசியா, பக்கற் ஜெலியா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெடியன். "அக்கா, ரொறன்ரோவிலையிருந்து மச்சான்மார் வந்து நிக்கினம். கலியாணத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் முற்றத்திலை ஒரு சின்னப் பார்ட்டி. ஜெலி ஷொட் செய்து வைக்கச் சொல்லுகினம். ஜெலட்டின் வாங்கிறதோ, கடற்பாசி வாங்கிறதோ?" என்றான்.

எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பது. எத்தனை மணிக்கு? நாலு மணிக்கு. வீட்டில் எத்தனை பிரிஜ்? ஒன்று, அதுவும் கலியாண வீட்டு மிச்சத்தால் நிரம்பியிருக்கும். இவ்வளவும் கேட்டதுமே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனால் வேறு வீட்டில், வேறு மாதத்தில், இதே கேள்விக்கு வேறு பதில்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பிறந்தநாளுக்கு நாங்கள் செய்யும் அதே ஜெலிதான் இது. தண்ணீரில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் வொட்காவோ சாராயமோ ஊற்றி, 30 மில்லிலீற்றர் பிடிக்கிற சின்னக் கப்புகளில் உறையவைப்பார்கள். ஒரே வாயில் விழுங்குவது. வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். அவை 20 பாகை வெப்பமுள்ள வீட்டுக்குள் இருந்து எழுதியவை. சித்திரை மாதம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு முற்றத்தில் நின்று யாராவது எழுதியிருந்தால் முதல் வரியே வேறாக இருந்திருக்கும்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, பிரிஜ்ஜிலிருந்து வாய்க்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்பது. யாழ்ப்பாணத்தில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். விருந்தாளிகள் குசினி வாசலில் நின்று எடுத்துக்கொள்வார்களா, அல்லது தட்டு முற்றத்து மேசையில் ஒரு மணித்தியாலம் கிடக்குமா? பங்குனியிலிருந்து ஆவணிவரை பகலில் நிழலிலேயே 30 பாகையைத் தாண்டுகிறது. மார்கழி, தை இரவென்றால் கணக்கு வேறு.

இரண்டாவது, யார் சாப்பிடப்போகிறார்கள். எங்கள் ஊரில் இது சும்மா கேள்வி இல்லை. மாட்டிறைச்சி தொடாத சைவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி, ஆனால் ஒரு கிளாஸ் எடுப்பேன் என்கிறவரும் இருக்கிறார். அவருக்குச் சாராயம் பிரச்சினை இல்லை, ஜெலட்டின்தான் பிரச்சினை. சிரிக்காதீர்கள், என் சொந்தச் சித்தப்பாவே அந்த ரகம்.

மூன்றாவது, என்ன பழம் போடப்போகிறீர்கள். நான்காவது, எவ்வளவு நேரமும் எவ்வளவு பிரிஜ் இடமும் இருக்கிறது. பொருளின் விலையைக் கடைசியாகப் பாருங்கள். மூன்றிலும் உறையவைக்கும் பொருளுக்கு ஆகும் காசு, போத்தலுக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஜெலட்டின் தூள்

மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல், மீன் தோல் ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுப்பது ஜெலட்டின். பிரிஜ்ஜில் வைத்தால்தான் ஒழுங்காக உறையும். 30 பாகையைத் தாண்டியதும் இளகத் தொடங்கி, 35க்குள் முழுக்க உருகிவிடும். நம் உடம்பு 37 பாகை. அதனால் நாக்கில் வைத்ததும் வழுக்கிக் கரைகிறது. அந்தக் கரைதலுக்காகத்தான் உலகம் முழுக்க ஜெலட்டினை விரும்புகிறார்கள். முற்றத்து மேசையில் வைத்தாலும் அது அதே குணத்தைத்தான் காட்டும்.

அளவு இப்படி: மொத்தத் திரவம் 500 மில்லிலீற்றருக்கு 15 கிராம் ஜெலட்டின். புடிங்குக்குப் போடுவதைவிட இது கூட. மதுவுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கவேண்டுமே. 100 மில்லி குளிர்ந்த தண்ணீரில் தூளைத் தூவி பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கேத்தலிலிருந்து நேரே கொட்டினால் தூள் கட்டியாகி, உள்ளே உலர்ந்தபடி கிடக்கும். ஊறியபின் 225 மில்லி சூடான சாறு ஊற்றிக் கரைக்கவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சவேண்டாம், பிடிமானம் குறையும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் 175 மில்லி சாராயம் ஊற்றிக் கப்புகளில் நிரப்பி பிரிஜ்ஜில் வையுங்கள். நாலு மணித்தியாலம் போதும் என்பார்கள். நான் முதல்நாள் இரவே வைத்துவிடுவேன்.

இனிப் பழத்துக்கு வருவோம். நான் முதன்முதலில் ஜெலி ஷொட் செய்தது ஒரு வைகாசியில். ஜெலட்டின், வொட்கா, அப்போதுதான் பிழிந்த அன்னாசிச் சாறு. இரவு முழுக்க பிரிஜ்ஜில் இருந்தும் காலையில் கப்பைச் சரித்தால் உள்ளே அலையடித்தது. கணக்கில் பிழை என்று நினைத்து இன்னும் ஜெலட்டின் கரைத்து ஊற்றினேன். பின்னேரம் பார்த்தால் அதுவும் தண்ணீர். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு சட்டியில் ஊற்றி, ஐஸ் போட்டு, 'பஞ்ச்' என்று பெயர் வைத்துக் கிளாஸில் கொடுத்தேன். நல்லாயிருக்கு என்றார்கள். எப்படிச் செய்தது என்று கேட்டவரும் உண்டு.

பிழை கணக்கில் இல்லை, அன்னாசியில். சமைக்காத பச்சை அன்னாசியில் புரோமெலெயின் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதத்தை அறுத்துவிடும். ஜெலட்டின் ஒரு புரதம். பப்பாசியிலுள்ள பப்பெயினும் இதே வேலையைச் செய்யும். இறைச்சி மென்மையாக வேகப் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே விஷயம்தான். பச்சை இஞ்சிச் சாறும் ஆகாது. கொதிக்கவைத்த சாறோ, ரின்னில் வரும் அன்னாசியோ என்றால் பயமில்லை, சூட்டில் நொதியம் செத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு பிரிஜ்தான். நாற்பது பேர், ஆளுக்கு மூன்று என்றால் 120 கப். ஒரு தட்டில் இருபது கப் என்றாலும் ஆறு தட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைக்க ஏலாது. மிச்சக் கறிகளை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டு பிரிஜ்ஜில் என்றால் அவர்களுக்கும் ஒரு தட்டுக் கொடுக்கவேண்டும். பார்ட்டிக்கு றெஜிபோம் பெட்டியும் ஐஸ்கட்டியும் தேவை. கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கவலை வேறு. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் ஜெலட்டின் என்ற சொல்லையே நான் வாயில் எடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்க்கு நல்லது ஜெலட்டின்தான். பத்துப் பதினைந்து பேர், வீட்டுக்குள்ளே, ஏசி அறை, எடுத்த கையோடு சாப்பிடுவார்கள் என்றால் வேறு எதையும் யோசிக்கவேண்டாம்.

கடற்பாசி

கடையில் அகார் அகார் என்று தூளாகவோ நாராகவோ கிடைக்கும். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் இப்தாருக்குச் செய்யும் கடற்பாசி இதுதான். ஐந்துசந்திப் பக்கக் கடைகளில் அந்த மாதத்தில் தேடவே தேவையில்லை. சிவப்புக் கடற்பாசி இனங்களிலிருந்து எடுப்பது. அவற்றில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் 'சிலோன் பாசி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வடக்குக் கரையோரத்தில் இப்போது பண்ணையாக வளர்க்கும் பாசி வேறு. அதிலிருந்து கிடைப்பது கராஜீனன், அதைப் பற்றிப் பக்கற் ஜெலியில் சொல்கிறேன்.

கடற்பாசி கொதித்தால்தான் கரையும். ஆறி 40 பாகைக்குக் கீழே வந்ததும், பிரிஜ் இல்லாமலே, மேசையிலேயே உறைந்துவிடும். உறைந்தபின் அது மறுபடி உருக 85 பாகை வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் எவ்வளவு எரித்தாலும் அவ்வளவுக்குப் போகாது.

வெயிலில் ஜெலட்டின் உருகித் தலையில் கைவைத்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. 1881இல் பேர்ளினில் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் பற்றீரியா வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். கோடையில் அது தண்ணீரானது. சில பற்றீரியாக்கள் அன்னாசி செய்கிற வேலையையே செய்து அதைத் தின்றும் தீர்த்தன. அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸவின் மனைவி பானி ஹெஸ்ஸதான், தன் குசினியில் பழஜெலிக்கும் புடிங்குக்கும் போடும் அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களிடம் அவர் பழகியது அது. இன்றைக்கும் ஆய்வுகூடத் தட்டுகளில் இருப்பது அகார்தான். வெக்கை ஊர்க்காரரின் குசினியிலிருந்து போன அறிவை வெக்கை ஊர்க்காரர் நாங்கள் மறந்து ஜெலட்டின் தேடித் திரிகிறோம்.

அளவு: மொத்தம் 500 மில்லிக்கு 5 கிராம் தூள், ஏறத்தாழ இரண்டு தட்டைத் தேக்கரண்டி. 325 மில்லி தண்ணீரில் சீனியோ பனங்கட்டியோ போட்டு, தூளைத் தூவிக் கலக்கியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். நார் என்றால் அரை மணித்தியாலம் முன்கூட்டியே ஊறவேண்டும், கொதிக்கவும் கூட நேரமெடுக்கும். ஒரு துளி நாரும் மிதக்காத அளவுக்குக் கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இறக்குங்கள்.

சிக்கல் அடுத்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கொதி அடங்குமுன் சாராயத்தை ஊற்றினால் மணமும் வீரியமும் ஆவியாகப் போகும். எதனோல் 78 பாகையிலேயே கொதிப்பது. அந்த ஆவி தீப்பிடிக்கும் என்பதால், பக்கத்தில் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கக்கூடாது. சரி, நன்றாக ஆறவிட்டு ஊற்றுவோம் என்றால் சட்டிக்குள்ளேயே உறையத் தொடங்கிவிடும். பிரிஜ்ஜில் குளிர்ந்திருந்த போத்தலை அப்படியே ஊற்றினால் உடனே திரிதிரியாகத் திரண்டுவிடும், கெட்டுப்போன பால் மாதிரி. ஆகவே போத்தல் அறைச் சூட்டில் இருக்கவேண்டும். சட்டியிலிருந்து பொங்கும் ஆவி அடங்கி, விளிம்பைத் தொட்டுக் கையை ஒரு நொடி வைத்திருக்க முடிகிற சூட்டில் ஊற்றிக் கலக்கி, கதை பேசாமல் தட்டில் ஊற்றிவிடவேண்டும். தேசிக்காய்ப் புளியையும் அப்போதுதான் சேர்க்கவேண்டும். புளியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடற்பாசியின் பிடி தளரும்.

பச்சை அன்னாசி, பப்பாசி எதையும் தாராளமாகப் போடலாம். கடற்பாசி புரதம் இல்லை, மாவுப்பொருள் இனம். நொதியத்துக்கு அங்கே வேலை இல்லை.

குறையையும் சொல்லவேண்டும். இது தளதளக்காது, வாயில் கரையாது. கடித்தால் உடையும். ஒரே வாயில் வழுக்கி இறங்கும் என்று எதிர்பார்த்து வரும் ரொறன்ரோ மச்சான் "என்ன இது, கட்டியா இருக்கு" என்பார். நேரம் போகப்போகத் தண்ணீரும் கொஞ்சம் கசியும், அந்தத் தண்ணீரில் மதுவும் இருக்கும், தட்டின் அடியில் ஒட்டும். தூளை 4 கிராமாகக் குறைத்தால் பதம் மென்மையாகும், ஆனால் துண்டு போடும்போது கவனம் வேண்டும்.

அதற்கு ஈடாகக் கப்பே வேண்டாம் என்பது பெரிய இலாபம். ஒரு தட்டில் ஊற்றி, உறைந்ததும் கத்தியால் தொதல் வெட்டுகிறமாதிரிச் சாய்சதுரமாக வெட்டி அடுக்கிவிடலாம். 120 கப்பும் மூடியும் வாங்குகிற காசு மிச்சம், மறுநாள் முற்றம் கூட்டுகிற வேலையும் மிச்சம். இரண்டு நிற அடுக்கும் போடலாம். கீழ் அடுக்கின் மேற்பரப்பு தொட்டால் விரலில் ஒட்டுகிற நிலையில் இருக்கும்போதே மேல் அடுக்கை ஊற்றவேண்டும். முழுக்க இறுகிவிட்டால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கிப்போகும்.

பக்கற் ஜெலி

நல்லூரில் ஸ்பெஷல் ஐஸ்கிறீம் கேட்டால் கிண்ணத்தின் மேலே சிவப்பும் பச்சையுமாகச் சின்னத் துண்டுகள் வருமே, அந்த ஜெலி. சீனி, நிறம், வாசனை, உறையவைக்கும் பொருள் எல்லாம் ஒரே பக்கற்றுக்குள். மோதா போன்ற நம் ஊர்ப் பெயர்கள் எந்தப் பலசரக்குக் கடையிலும் இருக்கும். முதன்முறை செய்கிறவருக்கு இதைவிட எளிது இல்லை.

வாங்கும்போது பக்கற்றின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜெலட்டின் என்றிருந்தால் மேலே சொன்ன எல்லா வில்லங்கமும் இதற்கும் உண்டு: வெயில், அன்னாசி, மரக்கறிக்காரர். கராஜீனன் என்றோ தாவர ஜெலி என்றோ இருந்தால் அது கடற்பாசிப் பக்கம். அறைச் சூட்டில் உறையும், முற்றத்தில் நிற்கும். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஏலாது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்பது தெரியும், மாடு இல்லை என்பது தெரியாது. அதையும் ஒருமுறை யோசியுங்கள்.

அளவுக்கு ஒரே விதி. பக்கற் சொல்லும் மொத்தத் தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டு அதற்குச் சமமாகச் சாராயமோ வொட்காவோ. மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போகவே வேண்டாம், உறையாமல் தொளதொளவென்று நிற்கும். தூளை முழுக்கக் கொதிதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, அப்புறம் மது.

இதன் மறைமுகச் செலவு இனிப்பு. சீனி ஏற்கனவே உள்ளே இருப்பதால் குறைக்க வழியில்லை. நெக்டோவோ வேறு சோடாவோ சேர்த்தால் இன்னும் கூடும், சூட்டில் வாயுவும் போய்விடும், வெறும் சீனித்தண்ணீர்தான் மிஞ்சும். இரண்டாவது ஷொட்டில் திகட்டும். எனக்குப் பிடிக்காது. ஆனால் பல்கலைக்கழகம் முடித்த பெடியள் கூட்டத்துக்கு இதைத்தான் செய்யச் சொல்வேன். அவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நாக்கில் நிறம் ஏறியதைப் படமெடுப்பார்கள், பதத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே பார்வையில்

| | ஜெலட்டின் தூள் | கடற்பாசி | பக்கற் ஜெலி |
|---|---|---|---|
| உறைய | பிரிஜ்ஜில் 4 மணித்தியாலம் முதல் ஓரிரவு | மேசையிலேயே, ஒரு மணித்தியாலத்துக்குள் | உள்ளிருக்கும் பொருளைப் பொறுத்தது |
| வெயிலில் | இளகி ஓடும் | நிற்கும் | ஜெலட்டின் என்றால் ஓடும், கராஜீனன் என்றால் நிற்கும் |
| வாயில் | கரையும், தளதளப்பு | கடிபடும், உடையும் | நடுத்தரம், இனிப்பு கூட |
| மரக்கறிக்காரருக்கு | ஆகாது | ஆகும் | பின்பக்கம் படிக்கவேண்டும் |
| பச்சை அன்னாசி, பப்பாசி | கூடாது | போடலாம் | ஜெலட்டின் என்றால் கூடாது |
| 500 மில்லிக்கு | 15 கிராம் | 5 கிராம் | பக்கற்றில் உள்ளபடி |
| மறைந்த செலவு | பிரிஜ் இடம், ஐஸ், கப் | கைவேகம், ஒருமுறை பழகிப் பார்ப்பது | சீனி, கப் |

பிரீசரில் வைத்தால் கெதியாக உறையுமே என்று கேட்பார்கள். வைக்கவேண்டாம். உள்ளே பனிப்பொருக்கு விழுந்து, வெளியே எடுத்ததும் தண்ணீர் தனியாகப் பிரியும். அகார் தயாரிக்கும் ஜப்பானிய முறையே அதுதான்: உறையவைத்து, உருகவைத்து, தண்ணீரை வெளியேற்றுவது. உங்கள் தட்டில் அந்த வேலை நடக்கவேண்டுமா?

எந்தப் போத்தல்

இதில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. வொட்கா 37.5 முதல் 40 வீதம். சுவை இல்லாததால் எந்தப் பழத்தோடும் போகும். தென்னஞ்சாராயம் பெரும்பாலும் 33 முதல் 37 வீதம். விலை குறைவு, மணம் உண்டு. அந்த மணத்தை மறைக்கப் பார்க்காமல் அதற்கு ஏற்ற கூட்டாளியைக் கொடுங்கள்: இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்த தண்ணீர், சீனி, கடைசியில் தேசிக்காய். என் வீட்டில் முதலில் முடிகிற தட்டு அதுதான்.

பனஞ்சாராயம் எங்கள் மண்ணின் சாமான். வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருக்கிறது, 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் இருக்கிறது, ஆனாலும் பார்ட்டி என்றால் எங்கள் கை வெளிநாட்டுப் போத்தலுக்குத்தான் போகிறது. வாசம் முரட்டுத்தனமானது என்பது உண்மை. பக்கற் ஜெலியின் ஸ்ட்ரோபெரியோடு போட்டால் இரண்டும் சண்டை பிடிக்கும். கடற்பாசியில் பனங்கட்டி கரைத்து, மேலே மது இல்லாத தேங்காய்ப்பால் அடுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ரொறன்ரோவில் வாங்க முடியாத ஒன்றைச் சாப்பிடுவார்கள். வொட்கா எடுத்தவர்கள் தோலகட்டி நெல்லிரசத்தைச் சேர்க்கலாம். அதன் புளிப்புக்காக, அடுப்பை அணைத்தபின்.

கள்ளில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். கள்ளு நாலைந்து வீதம்தான் வரும், சூடாக்கினால் புளித்த மணம் ஏறும். கள்ளைக் கள்ளாகவே குடிக்கட்டும்.

எவ்வளவு ஏறும்

மேலே சொன்ன அளவில், 36 வீதச் சாராயம் 175 மில்லி, மொத்தம் 500 மில்லி. ஒரு 30 மில்லி ஷொட்டில் சுத்த மது ஏறத்தாழ 3 கிராம். மூன்று ஷொட்டுக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் 10 கிராம், அதாவது ஒரு சின்னக் கிளாஸ் சாராயம் குடித்த கணக்கு. இது மென்மையான அளவு. பாதிக்குப் பாதி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒன்று 4 கிராமைத் தாண்டும், இனிப்பில் அது தெரியவே தெரியாது.

தெரியாததுதான் ஆபத்து. கிளாஸ் என்றால் எத்தனை எடுத்தோம் என்று மனம் கணக்கு வைக்கும், ஜெலிக்கு வைக்காது. விழுங்கிய உடனேயும் ஏறாது; ஒன்றும் செய்யவில்லையே என்று இன்னும் நாலு போடுவார்கள். 1862இல் அமெரிக்காவில் அச்சான ஒரு மதுக்கலவைக் கையேட்டிலேயே பஞ்ச் ஜெலி இருக்கிறது. வீரியம் மறைந்து கிடக்கும், அளவு பாருங்கள் என்று எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. ஆளுக்கு மூன்று என்று எண்ணி வைப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களின் திறப்பை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இல்லாத பார்ட்டி எங்கள் ஊரில் கிடையாது. ஜெலியைக் கண்டால் பிள்ளை கேட்டுவிட்டு எடுக்காது. அவர்களுக்கும் ஜெலி செய்யுங்கள், ஆனால் வேறு நிறம், வேறு வடிவம், வேறு பிரிஜ் தட்டு. மது உள்ளதைச் சிவப்பிலும் பச்சையிலும் செய்யாமல் பனங்கட்டி நிறத்தில் விட்டால் பாதிப் பயம் போகும். கடற்பாசிக்கு நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேசை பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. வீட்டிலும் அதே கோட்டைப் பிடியுங்கள். போயா நாளில் கடை பூட்டு, முன்கூட்டி வாங்குங்கள். நன்றாக வருகிறது என்று ஓடர் எடுத்து விற்கத் தொடங்கவேண்டாம், அதற்கு மது அனுமதிப்பத்திரம் வேண்டும். என்னிடமும் கேட்கிறார்கள். கேக் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சரி, யாருக்கு எது

முற்றம், மொட்டைமாடி, கடற்கரை, இருபது பேருக்கு மேல், ஒரே பிரிஜ், மரக்கறிக்காரர் ஒருவராவது உண்டு: கடற்பாசி. ஒரு வாரம் முன்பே மது இல்லாமல் ஒருமுறை செய்து கைவேகத்தைப் பழகுங்கள்.

ஏசி அறை, சின்னக் கூட்டம், மார்கழி இரவு, வாய்ப்பதத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை: ஜெலட்டின். அன்னாசியை மறந்துவிடுங்கள்.

நாளைக்குப் பார்ட்டி, இதுவரை ஜெலியே கரைத்ததில்லை: பக்கற். பின்பக்கம் படித்து வாங்குங்கள்.

ஒழுங்கைப் பெடியன் கடற்பாசியில்தான் செய்தான். முதல் தட்டில் குளிர்ந்த போத்தலை ஊற்றித் திரித்துவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்தான். அடுத்த மூன்று தட்டும் சரியாக வந்தன. பனங்கட்டியும் பனஞ்சாராயமும், மேலே வெள்ளை அடுக்கு, சாய்சதுரத் துண்டுகள். பிள்ளைகள் எடுத்துவிடாமல் இருக்கத் தட்டுக்கு முன்னால் பெரிய எழுத்தில் 'பெரியாக்களுக்கு மட்டும்' என்று மட்டை எழுதி வைத்திருந்தான். நாலு மணிக்கு முதல் ஆளாக மேசைக்கு வந்தவர் அவனுடைய எழுபத்தெட்டு வயதுப் பெரியப்பா. பொல்லை மேசையில் சாய்த்துவைத்து, கண்ணாடியைப் போட்டு மட்டையை வாசித்தார். "எங்களுக்கெண்டு தனியாச் செய்து வைச்சிருக்கிறான் பெடியன்" என்று சொல்லி, அருகில் நின்ற பெரியம்மாவுக்கும் ஒரு துண்டு எடுத்து நீட்டினார்.